பெட்டியோடு வந்த சட்டை

கார்கிலில் மருது செத்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவன் பெட்டியோடு வந்த பட்டாளத்துச் சட்டையைத் தங்கப்பொண்ணு துவைக்கவேயில்லை. கழுத்துப்பட்டியில் அவன் வேர்வை வாடை இருந்தது. புருஷன் என்று அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

அதைத்தான் கேட்டார்கள். திருமங்கலத்துக்கு அப்பால், வெள்ளைக்காரக் கும்பினிப் படையோடு சண்டை நடந்த பொட்டலில் புதிதாகக் காட்சிக்கூடம் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்து வேல்கம்புகளோடு இந்தக் காலத்து வீரனின் சட்டையையும் வைக்கப்போகிறார்களாம். மாமனார் சிவனாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"எம்மவனப் பாக்க ஊரே டிக்கெட் வாங்கிட்டு வரும் தாயி."

பையைக்கூட அவரே கட்டி எடுத்துக்கொண்டார். அவள் பாதி மனசோடுதான் பஸ் ஏறினாள்.

பொட்டலில் பார்க்க என்ன இருக்கிறது? கருவேலமும் ஒரு போர்டும்தான். கூடத்துக்குள் நுழைந்ததும் சிவனாண்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்குள் நின்றது அவர்கள் குலசாமி, அந்தச் சண்டையில் வெட்டுப்பட்டுச் செத்த மொக்கையனின் கல். போன மாசம்தான் வெளியே பொட்டலிலிருந்து பெயர்த்து உள்ளே கொண்டுவந்திருந்தார்கள்.

"கீழ என்ன எழுதியிருக்கு தாயி?" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

அவள் வாசித்தாள். "நடுகல். இறந்தவர் பெயர் தெரியவில்லை."

"தெரியலையா? எங்க பங்காளிக யாரக் கேட்டாலும் மொக்கையன்னு சொல்லுவாகளே!"

பொறுப்பாளர் துளசிராம் நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "எழுத்துல ஆதாரம் ஏதும் இருக்காங்கய்யா? இருந்தாத்தான் பேர் போட முடியும்."

வருஷா வருஷம் கிடா வெட்டி, பிள்ளைகளுக்கும் அவன் பேரையே வைக்கிற ஜனத்திடம் கேட்கிற கேள்வியா அது? தங்கப்பொண்ணு கண்ணாடிக்குள் இருந்த கல்லைப் பார்த்தாள். பேர் சொல்ல இத்தனை பேர் இருக்கும்போதே இவனுக்கு இந்தக் கதி. மருதுவுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை.

"சட்டையத் தரலண்ணே. அது என்கிட்டயே இருக்கட்டும்."

பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். சிவனாண்டி தடுக்கவில்லை. கல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பின்னால் வந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சட்டையை எடுத்து, கழுத்துப்பட்டியில் முகத்தைப் புதைத்தாள். சோப்பு வாடை. கஞ்சி போட்டுத் தேய்த்த துணி கன்னத்தில் மொடமொடத்தது.

சிவனாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "நாலு பேர் பாக்குற எடம்... அழுக்காக் குடுக்கக்கூடாதேன்னு நேத்து வெளுக்கப் போட்டேன் தாயி."

அவள் அக்குளில், கைமடிப்பில், பொத்தான் பட்டியில் என்று தேடித் தேடி மோந்தாள். திருமங்கலம் வரைக்கும் மோந்தாள். எங்கேயும் மருது இல்லை.