சாமியாருக்குத் தெரியாத பேச்சு

மயிலாத்தாள் அந்த மாடுகளின் பல்லைப் பார்த்தாள். சுழி பார்த்தாள். குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், வாலை முறுக்கிப் பார்த்தாள், கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள். வேலந்தாவளம் சந்தைத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நம்பாமல், மாதா கோயில் வாசலுக்கே போய்ச் சாமியாரிடம் நேராக வாங்கினாள். இத்தனையும் பார்த்தவள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. இந்த மாடுகளுக்கு எந்தப் பேச்சு புரியும் என்று. அதை உலகத்தில் யார்தான் கேட்பார்கள்?

ஜார்ஜ் மன்னருக்கு முடி சூட்டிய வருஷம் அது. எருத்தேன்பதியில் ஆடி மழை பதமாகப் பெய்து விட்டிருந்தது. ஊரே காட்டில் கிடந்தது. மயிலாத்தாள் காட்டிலும் ஏர் பூட்டியிருந்தது. பூட்டின இடத்திலேயே நின்றுகொண்டும் இருந்தது. பெருமாட்டியிலிருந்து கூலிக்கு வந்த உழவாள் அப்பு "ஹேய்" என்றான், நாக்கைச் சொடுக்கினான், சாட்டையை வீசினான், கடைசியில் வாலைக்கூடக் கடித்துப் பார்த்தான். மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதுபோல, முன்னால் இருந்த வெறும் வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"ஆத்தா, இது மாடில்லீங்க. யாரோ செதுக்கி வெச்சிருக்காங்க," என்றான் அப்பு.

வரப்பில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான் குப்பண்ணன். செத்துப்போன புருஷனின் தம்பி. அண்ணி கஷ்டப்படும் இடத்தில் தவறாமல் ஆஜராவது அவன் குணம்.

"நங்கையா, ஏர்ல பூட்டினீங்களா, இல்லீன்னா கோயிலுக்கு நேர்ந்து உட்டுட்டீங்களா?"

மயிலாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பல்லைக் கடித்தாள். போன வருஷம் புருஷன் செத்து, காடு தரிசாகக் கிடந்தது. இந்த வருஷமும் விதை விழாவிட்டால் காட்டைக் குப்பண்ணனுக்கே பாட்டத்துக்கு விட்டுவிடுகிறேன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவள் வாயாலேயே சொல்லியிருந்தாள். குத்தகை என்றால் என்ன, பாட்டம் என்றால் என்ன, குப்பண்ணன் கைக்குப் போன பூமி திரும்பி வந்ததாக அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கோபத்தில் சொன்ன வார்த்தை. அவள் எதைத்தான் கோபமில்லாமல் சொன்னாள்.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஈரம் திங்கட்கிழமை தாண்டாது. அன்றைக்கு வெள்ளி.

மாடுகளின் பூர்வகதை ஊருக்குத் தெரிந்ததுதான். மாதா கோயில் பெரிய சாமியார் பிரான்சு தேசத்தில் ஏதோ மலங்காட்டில் பிறந்தவர். இரண்டையும் கன்றுகளாக வாங்கித் தானே பழக்கினார். வண்டி கட்டினால் ஏறி உட்காரமாட்டார். தோளில் ஒரு கோலைச் சாய்த்துக்கொண்டு மாட்டுக்கு முன்னால் நடப்பார். அவருடைய வண்டிக்காரன் ஆசீர்வாதமும் அப்படியே நடப்பான். இது கிறிஸ்தவர்களின் ஏதோ வேண்டுதல் என்று ஊரார் எண்ணிக்கொண்டார்கள். எருத்தேன்பதி எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும். அடுத்தவன் வேண்டுதலில் மட்டும் நுழைக்காது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் பெரிய சாமியார் கண்ணை மூடினார். அதே தேசத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த சின்னச் சாமியார் பட்டத்துக்கு வந்தார். சைக்கிள் வாங்கினார், ஆசீர்வாதத்தை வேலையை விட்டு அனுப்பினார், மாடுகளை விற்றார்.

மயிலாத்தாள் அவரிடம்தான் முதலில் போனாள்.

"ஏனுங்க சாமி, நீங்க குடுத்த மாடு ஊட்டுக்கு வந்ததிலிருந்து ஏர்ல ஒரு அடி வெக்கலீங்க."

"வீட்டுக்கு," என்றார் சின்னச் சாமியார்.

"ஆமாங்க, ஊட்டுக்குத்தானுங்க."

"ஊடு என்பது கொச்சை, அம்மணி. வீடு என்று உச்சரிக்க வேண்டும்."

அவர் புதுச்சேரியில் ஒரு புலவரிடம் தமிழ் படித்தவர். ஞானோபதேச வகுப்பில் 'ஊடு' என்று சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைப்பார். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு முட்டியில் தோல் உரிந்திருந்தது, வேதத்தால் அல்ல, வீட்டால்.

"சரீங்க, வீடு. பெரிய சாமியார் அதுங்ககிட்ட ஏதோ உங்க சீமைப் பேச்சுப் பேசுவாராமா. அதைக் கொஞ்சம் சொல்லிக் குடுத்தீங்கன்னா..."

சின்னச் சாமியாரின் காது மடல் சிவந்தது. "அது பேச்சே அல்ல. மாட்டுக் கொட்டிலில் எழுப்பும் ஓசை. எழுத்து இல்லை, இலக்கணம் இல்லை. நல்ல பிரெஞ்சு மொழியை வாயிலிட்டுக் குதப்பித் துப்பிய எச்சில். எனக்குத் தெரியாது."

தெரியாது என்பதை இவ்வளவு கோபமாகச் சொல்கிற ஆளை மயிலாத்தாள் பார்த்ததில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலந்தாவளத்துக்கு நடந்தாள்.

சந்தை மேட்டில் ஆசீர்வாதம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் மூட்டையைத் தரையில் போட்டான்.

"என்னை நிறுத்துனாரு, சரீங்க. மாட்டை வித்தாரு, அதுவும் சரீங்க. அந்தப் பேச்சு பெரிய சாமியார் எனக்குக் குடுத்ததுங்க. அதையும் மாட்டோட சேத்து வாங்கிட்டீங்களா?"

"மாட்டை வாங்கினா மாடு நடக்கணுமில்ல?"

"என்னையும் வேலைக்கு வெச்சுக்குங்க. நடக்கும்."

அது நடக்காது. தாலி இறங்கிய வீட்டில் சம்பளத்துக்கு ஓர் ஆம்பிளையை நிரந்தரமாக வைத்தால் மறுநாளே குப்பண்ணன் ஊரைக் கூட்டுவான். ஊரும் கூடும். கூடாமல் இருக்குமா, அதுக்கு வேறென்ன வேலை.

"அது ஆகாது," என்றாள்.

"அப்ப இதுவும் ஆகாதுங்க. எனக்கப்புறம் இந்தப் பக்கத்துல அந்தப் பேச்சுத் தெரிஞ்சவன் இல்லை. சாகறப்ப வாயோட கொண்டுபோயிக்கறேன்."

"கொண்டுபோ. போற எடத்துல மாடா மேய்க்கப் போறே?"

ஆசீர்வாதத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. மூட்டையைத் தூக்கப் போனவன் திரும்பினான். "எம்மேல ஏனுங்க எரிஞ்சு உழறீங்க? சின்னச் சாமியாரு தெரியாதுன்னா சொன்னாரு? ரெண்டு பேரும் ஒரே மலைங்க. சோத்துல உக்காந்தா பெரியவரு அந்தப் பேச்சுல கேப்பாரு, இவரு அதைத் தொடாம வேற பேச்சுல பதில் சொல்லுவாரு. புரியாமயா பதில் சொன்னாரு?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு மயிலாத்தாள் இரண்டு மாடுகளையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனாள். ஏரில் ஓரடி வைக்காத மாடுகள், அவள் முன்னால் நடக்க, பின்னாலேயே சாதுவாக வந்தன. அப்போதாவது அவளுக்குப் புரிந்திருக்கலாம். கொதித்துக்கொண்டிருக்கிறவளுக்கு என்ன புரியும். கோயில் வளாகத்தில் சின்னச் சாமியார் உயிராக வளர்த்த கோசுப் பாத்தி இருந்தது. அதன் ஓரத்துக்கு வந்ததும் கயிற்றைக் கையிலிருந்து விட்டாள். தவறி விழுந்தது என்று பின்னால் சத்தியம் செய்தாள், யாரும் நம்பவில்லை.

மாடுகள் கோசை மேய்ந்தன. பூசைக்கு வந்த சனம் வேடிக்கை பார்த்தது. சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். முதலில் பிரெஞ்சில் கத்தினார். மேய்ந்தன. பிறகு புதுச்சேரித் தமிழில், "அப்பாற் செல்லுங்கள்," என்று மாடுகளுக்கு மரியாதை கொடுத்துச் சொன்னார். அதற்கும் மேய்ந்தன. நடுப்பாத்தியில் இருந்த பெரிய கோசில் ஒரு மாடு வாயை வைத்தபோது அவர் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அரேர்."

இரண்டு மாடுகளும் ஒரே நேரத்தில் பின்னால் அடி எடுத்து வைத்தன. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தன. ஒன்று கழுத்தை நீட்டி அவர் அங்கியை மோந்தது.

சனம் இன்னும் கிட்டே வந்தது.

"இதுக்குப் பேரு என்னங்க சாமி," என்றாள் மயிலாத்தாள். "பேச்சுங்களா, ஓசைங்களா?"

அவர் முகம் கன்றிப்போயிற்று. ஊர் அதுவரை கேட்டிராதபடி கத்தினார். "உனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் அதில் ஒரு சொல் வாயில் வந்தால் கழுத்தில் மரக்கட்டை கட்டுவார்கள். இன்னொருவன் பேசி மாட்டிக்கொள்ளும் வரை அதோடுதான் நிற்க வேண்டும். ஒரு நாள் என் தாயார் பள்ளி வாசலில் வந்து கூப்பிட்டாள். பதில் சொன்னேன். அதற்கும் கட்டை. பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் பிரெஞ்சில் பதில் சொன்னேன். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரிகிறதா?"

வேறு ஒருத்தியாக இருந்தால் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பாள். இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு. மயிலாத்தாளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"கட்டை தொங்குனது உங்க கழுத்துலீங்க. காயறது எங்க காடுங்க. அத்தனை பட்டுப்போட்டு, எங்க புள்ளைங்க ஊடுன்னு சொன்னா முட்டி போட வெக்கறீங்க. உங்களுக்கு யாரு மேல கோவமோ அவங்ககிட்டப் போய்க் காட்டுங்க. எனக்கு மாட்டை வரச் சொல்லணும். என்னன்னு சொல்லோணும்?"

சாமியார் அவளை முறைத்தார். அவளும் முறைத்தாள். ஊர் நடுவில் நின்றது.

"வேனே," என்றார், துப்புகிற மாதிரி.

"வேணே."

"வேணே அல்ல. வேனே. நாக்கை மடக்காதே."

"வேனே."

"இன்னும் நீட்டு. கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவதுபோல."

திருத்துகிற புத்தி இருக்கிறதே, அது விடாது. எச்சில் என்று சொன்ன பேச்சில் அவர் அரைமணி நேரம் உச்சரிப்புத் திருத்தினார். நிற்க ஒரு சொல், பின்னால் போக ஒரு சொல். திரும்ப என்ன என்று அவள் கேட்டதற்கு, "திரும்பச் சொல் கிடையாது. நீ திரும்பு, அவை திரும்பும்," என்றார்.

"நானுங்களா? நான் பின்னாலயில்ல நிப்பேன்."

"முன்னால் நட. எங்கள் மலையில் மாட்டை யாரும் பின்னாலிருந்து விரட்டமாட்டார்கள்."

எங்கள் மலை என்று அவர் சொல்லி ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு கோலை எடுத்துத் தோளில் சாய்த்து, "வேனே," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வளாகத்தைக் குறுக்கே கடந்து நடந்தார். இரண்டு மாடுகளும் அவர் பின்னாலேயே போயின. கிணற்றைச் சுற்றிக் கொண்டுவந்து கோலை அவள் கையில் கொடுத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நன்றி சொல்லக்கூட நேரமில்லை. அவளுக்கும் சொல்கிற எண்ணமில்லை.

அன்று மத்தியானமே ஏர் பூட்டினாள். மேழியை அப்பு பிடித்தான். "வாயைத் தொறந்தீன்னா கூலி கெடையாது," என்று சொல்லிவிட்டு மயிலாத்தாள் முன்னால் போய் நின்றாள். தோளில் கோல். "வேனே," என்றாள். கொழு மண்ணில் இறங்கியது. ஈரமண் புரண்டு கறுப்பாக விழுந்தது.

குப்பண்ணன் பல் குத்துவதை நிறுத்தினான். "நங்கையா, மாட்டுக்கு முன்னால பொம்பளை நடக்கறது எந்த ஊர் வழக்கமுங்க?"

"ஓரமா நில்லுங்க கொழுந்தனாரே. உங்களுக்காக ஒதுங்கறதுக்கு இந்தப் பேச்சுல வார்த்தை இல்லையாமா."

காட்டில் கால்வாசி முடிவதற்குள் சேதி வேலந்தாவளத்துக்குப் போய், ஆசீர்வாதம் மூச்சு வாங்க ஓடி வந்து வரப்பில் நின்றான். தன் சொத்தை யாரோ திருடி நடுக்காட்டில் விரித்து வைத்திருப்பதைப் பார்க்கிறவன் முகம். அவள் கூப்பிட்டதைக் கேட்டதும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"அப்படியில்லீங்க. வே...னே. பெரிய சாமியார் இழுத்துச் சொல்லுவாரு."

மாடுகள் அவன் குரலுக்குத் திரும்பின. சால் கோணிக்கொண்டு போனது. அப்பு வாயைத் திறந்து, கூலி ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

"என்ற காட்டுல நின்னு என்ற மாட்டைக் கூப்புடாதே," என்றாள் மயிலாத்தாள்.

"அப்ப ஒழுங்காக் கூப்புடுங்க."

"சாமியார் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

"அவரு வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லிக் குடுத்திருப்பாரு. வெக்கப்பட்டுக்கிட்டுச் சொன்னா மாட்டுக்குப் பாதிதான் கேக்கும்."

அவள் திட்டினாள். அவன் திட்டினான். திட்டுகளுக்கு நடுவே அந்த மலைச்சீமைச் சொற்கள் வரப்பிலிருந்து காட்டுக்கும் காட்டிலிருந்து வரப்புக்கும் போய் வந்தன. பொழுது சாய்வதற்குள் காடு முழுக்க உழுதாயிற்று. திங்கட்கிழமை ஈரம் காயுமுன் சோளம் விழுந்தது. பெரியவர்கள் வந்து மண்ணைக் கிளறி விதையைப் பார்த்துவிட்டு, பாட்டப் பேச்சு இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

குப்பண்ணன் அதோடு விடுகிற ஆளா? ஆசீர்வாதம் களையெடுப்புக்கும் வந்து வரப்பில் நின்று திட்டினான். மாட்டைப் பட்டிக்கு ஓட்டும்போதும் கூடவே நடந்து திட்டினான். சம்பளம் கேட்கவில்லை, அவள் கொடுக்கவுமில்லை. மயிலாத்தாள் நினைத்தபடியே குப்பண்ணன் ஊரைக் கூட்டினான்.

"அந்த ஆளு உங்க காட்டுல தெனமும் என்ன வேலை பாக்கறான்?" என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

"சண்டை போடறானுங்க," என்றாள் மயிலாத்தாள். "நானும் போடறேன். சண்டை போடக் கூடாதுன்னு ஊர்க்கட்டு இருக்குதுங்களா?"

பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அப்படி ஒரு கட்டு எருத்தேன்பதியில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்திருந்தால் ஊர் என்றைக்கோ காலியாகியிருக்கும்.