வெளியே கேட்டால் கேட்கட்டும்

கட்டாரிலிருந்து வந்து நாற்பதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, றம்ஸீன் தன் பையைத் தூக்கிக்கொண்டு நிந்தவூரிலுள்ள உம்மா வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது கதவடியில் நின்று, "ரெண்டு வருசம் நான் அங்க ஒழுங்காத்தான் இரிந்த. இது எங்கரிந்து வந்த எண்டு நீதான் செல்லணும்" என்றான். அவன் மனைவி முஸ்பிறா வாயைத் திறப்பதற்குள் ஓட்டோ ஒழுங்கையைத் தாண்டிவிட்டது. சாய்ந்தமருதிலுள்ள அந்த வீடு அவளுக்கு வாப்பா சீதனமாகக் கட்டிக்கொடுத்தது. வெளியேறியவன் அவன்தான். ஆனால் தலை குனிந்து நடக்கவேண்டியவள் அவள் என்றாகிவிட்டது. பின்னேரமே மாமி நாச்சியா போன் எடுத்து, "என்ட மகன் வெளிநாட்டுல வேர்வ சிந்தக்குள்ள நீ இங்க என்ன செஞ்ச?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

ஒரு மாதமாகவே அந்த அரிப்பு அவளைத் தின்றுகொண்டிருந்தது. பல் வேரில் சீழ் கட்டி, பத்து நாள் அன்டிபயோட்டிக் குளிசை குடித்து முடித்த கையோடு தொடங்கியது. முதலில் லேசான கடி. பிறகு தயிர்க்கட்டி போல வெள்ளை. பிறகு சலம் கழிக்கும்போது மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிவு. ஊத்தையால்தான் இதெல்லாம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆகவே கழுவினாள். வாசனைச் சவர்க்காரம் போட்டு, கிருமிநாசினி கலந்த தண்ணீர் ஊற்றி, ஐந்து வேளைத் தொழுகைக்கும் முன்னால் கழுவினாள். கழுவக் கழுவக் கூடியது. சுஜூதில் நெற்றியை வைத்தாலும் நினைவு அந்த எரிவிலேயே கிடந்தது. றம்ஸீன் நெருங்கியபோது நாலு தடவை ஏதேதோ சாக்குச் சொன்னாள். ஐந்தாம் தடவை சொல்ல வாய் வரவில்லை. ஒரு கிழமையில் அவனுக்கும் கடிக்கத் தொடங்கியது.

மறுநாள் காலையில் அவளுக்கு அழுகை வருமென்று பார்த்தால் கோபம்தான் வந்தது. அபாயாவை மாட்டிக்கொண்டு நேரே கல்முனையிலுள்ள பெண்கள் கிளினிக்குக்குப் போனாள். தம்பிலுவிலிலிருந்து வந்து வேலை செய்யும் மிட்வைப் சுலோஜனா விபரம் எழுதிக்கொண்டே, "ஒரு மாசமாப் பொறுத்திருந்தீங்களா? பல்லுக்குத்து வந்தா உடன ஓடுறீங்கதானே" என்றாள். டொக்டர் பெண். பரிசோதித்தார், பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்தார், இரத்தத்தில் சீனியும் பார்த்தார். சீனி இல்லை. வந்திருப்பது பங்கசு, பூஞ்சைத் தொற்று என்றார். பெண்களின் உடம்பில் அது எப்போதும் கொஞ்சம் இருக்குமாம். நல்ல கிருமிகள் அதை அடக்கி வைத்திருக்குமாம். பல்லுக்குக் குடித்த மருந்து நல்லதுகளையும் கொன்றுவிட்டது.

"மிச்சத்த நீங்களே கழுவிக் கழுவிக் கொன்னுட்டீங்க" என்றாள் சுலோஜனா.

முஸ்பிறாவுக்குக் கேட்க ஒரேயொரு கேள்விதான் இருந்தது. "தப்பான வழியில வாறதா மிஸ்?"

"ஆம்பிளையத் தொடாத குமருக்கும் இது வரும். பிள்ளத்தாச்சிக்கு வரும். சீனி வருத்தக்காரருக்குத் திரும்பத் திரும்ப வரும். அதுகளெல்லாம் தப்பான வழியா?" என்று திருப்பிக் கேட்டாள் சுலோஜனா.

ஆறு இரவுக்கு உள்ளே வைக்கும் குளிசை கொடுத்தார்கள். குறைந்துவிட்டதென்று இடையில் நிறுத்தக்கூடாது. சவர்க்காரம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். ஈர உடுப்போடு இருக்கக்கூடாது. கணவருக்கும் கடித்தால் அவரும் வந்து காட்டவேண்டும். பூசுகிற மருந்து இருக்கிறது. மூன்றாம் நாளே எரிவு அடங்கிவிட்டது. ஆனாலும் ஆறு குளிசையையும் வைத்து முடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் திரும்பக் காட்டவேண்டும். முஸ்பிறா எட்டு மணிக்கே வெளிக்கிட்டு, எதிர்த்திசையில் நிந்தவூருக்கு பஸ் ஏறினாள். மாமி வீட்டில் றம்ஸீன் புட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்தான். அயல்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாச்சியா எழும்பாமலே, "என்ன முகத்தோட வந்த நீ?" என்றாள்.

முஸ்பிறா உட்காரவில்லை. கிளினிக் அட்டையைப் புட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு வந்த பங்கசு, மாமி. பெண்ணுறுப்புல."

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு பார்த்தால், வீட்டுக்கூரை அப்படியேதான் இருந்தது. அயல்வீட்டுக்காரி ஒருத்தியின் கோப்பை மட்டும் உதட்டருகே நின்றுவிட்டது.

"மெதுவாக் கதை. வெளிய கேக்கும்" என்றான் றம்ஸீன்.

"கேக்கட்டும். நான் கெட்டுப்போன எண்டு இந்த வீட்டரிந்து செல்லக்குள்ள வெளிய கேட்டதுதானே? இதுவும் கேக்கட்டும். பல்லுக்குக் குடிச்ச மருந்தால வந்த. ஊத்தையால இல்ல, ஹறாமான வழியால இல்ல. உங்களுக்கும் கடிச்சா பதினொரு மணிக்குக் கிளினிக்குக்கு வாங்க, மருந்து தருவாங்க. ஆனா என்ட வீட்டுக்கு வாறதெண்டா, முதல்ல இவங்கட முன்னுக்கு, சென்ன சொல்லத் திருப்பி எடுங்க மச்சான்."

அவன் விரல்களில் புட்டு காய்ந்தது. அவள் பத்து எண்ணும் நேரம் நின்று பார்த்தாள். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பஸ் தரிப்பிடத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நாச்சியா மூச்சு வாங்க வந்து நின்றாள். அவசரத்தில் போட்ட முந்தானை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

"அந்த டொக்டர் பொம்புளதானே?"

"ஓம்."

நாச்சியா ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். லொறி ஒன்று போய் முடியும்வரை காத்திருந்தாள். "எனக்குச் சீனி எண்டு உனக்குத் தெரியும்தானே மகள்" என்றாள். பிறகு மிக மெதுவாக, "நாலு வருசம்" என்றாள்.

முஸ்பிறா அவள் முகத்தையே பார்த்தாள். "நாலு வருசமா இந்த எரிவ அறிஞ்சுகொண்டா மாமி, என்னட்ட அப்பிடிக் கேட்டீங்க?"

நாச்சியா சரிந்த முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கல்முனை பஸ் வந்து நின்றது. முஸ்பிறா ஏறி, யன்னலோரம் இருந்தாள். நாச்சியாவின் ஒரு கால் படியில் இருந்தது. மற்றது இன்னும் தார் ரோட்டில். "ஏறுறதா இல்லையா உம்மா?" என்று கண்டக்டர் கத்தினான். முஸ்பிறா கை நீட்டவில்லை. பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.