பட்டாளம் நடந்த வயல்

1987-ஆம் வருடம் ஐப்பசி நான்காம் தேதி காலை எட்டு மணிக்கு, வலங்கைமானுக்குக் கிழக்கே துரைராசுவின் ஒரு வேலி நிலத்தில் எழுநூறு பேருடைய பூட்ஸ் தடங்கள் விழுந்தன. நடந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. நிலம் இரண்டு வருடமாகத் தரிசு. துரைராசு பட்டாதாரர், காதர் மைதீன் குத்தகைதாரர். ஒருவர் வெளியேறு என்றார், மற்றவர் மாட்டேன் என்றார், கோர்ட் இருவரையும் வரப்போடு நிறுத்தி வைத்திருந்தது. யார் நாற்றை ஊன்றினாலும் அனுபவ உரிமை அவருடையது என்றாகிவிடும் என்பதால் ஆளுக்கொரு கரையில் காவல் உட்கார்ந்திருந்தார்கள். தடத்தைப் பார்த்ததும், அவர்தான் ஆள் இறக்கிவிட்டார் என்று இவரும் இவர்தான் இறக்கிவிட்டார் என்று அவரும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். வந்த ஏட்டையா வரப்பில் நின்று, கண்ணெதிரே சேறு இடது வலது என்று அமுங்கிக்கொண்டே போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஆளே இல்லாமல் யார்மேல் கேஸ் எழுதுவது என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டார்.

அது யாருடைய நடை என்று சொன்னவள் நாகம்மாள். அந்தப் பக்கத்து நடவு ஆட்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவள் புருஷன் வைத்தியலிங்கம் காவிரிக் காலாட்படையில் நாயக். இளவட்டத்தில் வண்டிச் சக்கரம் ஏறியதால் அவனுக்கு இடது கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பட்டாளம் ஆவணியில்தான் கப்பலேறி யாழ்ப்பாணம் போயிருந்தது. நாகம்மாள் வரப்பில் குத்தவைத்து ஒரு தடத்தைக் காட்டி, "இது எங்க வீட்டுக்காரரு காலுங்க. உசுரோடதான் இருக்காரு, நடக்கிறாரு பாருங்க" என்றாள். அன்று மாலைக்குள் சுற்று வட்டாரத்திலிருந்து பட்டாளத்துக்காரர்களின் பெண்டாட்டிமார் முப்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள்.

அந்தப் பட்டாளத்தின் யுத்த சரித்திரத்தை ரேடியோ தப்பும் தவறுமாகச் சொன்னது. வயல் ஒழுங்காகச் சொன்னது. தினமும் விடியும்போது சேறு பரம்படித்த மாதிரி வழவழப்பாக இருக்கும், பொழுது ஏறினால் தடம் விழும். பங்குனி வெயிலிலும் அது காயவில்லை. ஐப்பசி முழுக்க ஓடினார்கள், கார்த்திகையில் ஊர்ந்தார்கள், தையில் ஒரே இடத்தில் நின்று கால் மாற்றினார்கள். செத்தவனின் கடைசித் தடம் மட்டும் மறுநாள் அழியாது. தண்ணீர் நிறைந்து அப்படியே கிடக்கும். அதை அடையாளம் கண்டவள் தாலியைக் கழற்றிய பிறகுதான், பத்து நாள் கழித்து, தந்தி வரும். டீக்கடையில் கட்சிக்காரர்கள், தமிழன் தமிழனைச் சுடப் போயிருக்கிறான், அவன் காலுக்கு இங்கே என்ன தரிசனம் என்று ஏசினார்கள். ஏசியவர்களும் காலையில் வந்து பார்க்கத் தவறவில்லை. மாசியில் பூட்ஸ்களுக்கு முன்னால் வெறுங்கால் தடங்கள் ஓட ஆரம்பித்தன. பெரிய கால், மெட்டி அழுந்திய கால், உள்ளங்கை அளவே உள்ள கால். தன் புருஷனின் உள்திரும்பிய தடம் ஒரு பிஞ்சுக் காலின் பின்னே ஓடியதைப் பார்த்த நாகம்மாள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவன் பிழைக்க வேண்டும் என்று வேண்டினாள்; வேண்டவும் வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம் புரட்டாசிக் கடைசியில் தடங்கள் வயலின் நடுவே ஒரு களத்துமேட்டு அளவுக்குள் சுருங்கின. மற்றவர்களை வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள்; மிஞ்சிய நூற்றெட்டு பேர் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றினார்கள். அவர்களோடு கலந்து வெறுங்கால்களும், எல்லோரையும் சுற்றி இயக்கப் பையன்களின் ரப்பர் செருப்புத் தடங்களும். வட்டத்தை விட்டு வெளியே வைத்த கால் ஒவ்வொன்றும் அங்கேயே தண்ணீர் கட்டி நின்றது. கண்ணிவெடி என்று மீசை நரைத்த ஒரு பழைய பட்டாளத்துக்காரர் விளக்கினார். மூன்று நாள் போயிற்று. உள்திரும்பிய இடது காலின் அழுத்தம் நாளுக்கு நாள் குறைந்தது. சோறில்லை போலிருக்கிறது என்று நாகம்மாள் புரிந்துகொண்டாள்.

அந்த வருடம்தான் விவசாய ஆபீசர், புகையான் பூச்சி அண்டாமலிருக்க எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடவேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிப்போயிருந்தார். பட்டம் என்றால் ஒன்றும் நடாமல் விடும் நடைவழி. நாகம்மாளுக்கு அது நினைவுக்கு வந்தது. டெல்டாவில் பிறந்தவன் குடித்திருந்தாலும் நட்ட நாற்றை மிதிக்கமாட்டான். வழி விட்டிருந்தால் அவன் கால் தானாக அதில்தான் போகும். வட்டத்திலிருந்து மேலக்கரை வரை ஒரு பட்டம் விட்டு இரண்டு பக்கமும் நட்டுவிட்டால் போதும். அவள் துரைராசுவிடம் போனாள்.

"நீ நாத்தை ஊனிட்டா, தன் ஆளு நட்டதுன்னு சொல்லி காதர் மைதீன் நெலத்தைப் புடிச்சுக்குவாரு. வேற எது வேணாலும் கேளு நாகம்மா" என்றார் அவர்.

எதிர்க்கரையிலிருந்து காதர் மைதீன் குரல் கொடுத்தார். "இந்தப் பக்கம் என் நாத்து, அந்தப் பக்கம் உங்க நாத்துங்க. நடுவுல இருக்கிற வழியில யாரும் எதுவும் நடலையே, அது யாருக்கும் சொந்தமில்லைங்க. மத்ததை ஜட்ஜ் அய்யா பாத்துக்கட்டும்."

மூன்று வருடத்தில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை. துரைராசு மூக்கைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் நாற்றங்காலில் பொன்னி நாற்று பறிக்க ஆள் அனுப்பினார்.

மறுநாள் முப்பத்தொரு பெண்கள் சேற்றில் இறங்கினார்கள்; தாலி கழற்றியவர்களும் இறங்கினார்கள். வட்டத்தின் விளிம்பில் ஆரம்பித்து, நடவு வழக்கப்படி குனிந்து பின்னோக்கி நகர்ந்தபடியே நட்டு வந்தார்கள். வெயில் சாய்வதற்குள் பட்டம் மேலக்கரையைத் தொட்டது. கரையேறி இடுப்பை நிமிர்த்தியதும் பட்டத்தில் பூட்ஸ் தடங்கள் தெரிந்தன. பார்த்ததும் ஒரு பெண் வாய்விட்டு அலறினாள். எல்லாத் தடமும் வட்டத்தைப் பார்த்தே இருந்தன. விரல் பக்கம் உள்ளே, குதிகால் கரைப் பக்கம். வெளியே வரச் சொல்லிப் போட்ட வழியில் இன்னும் ஆட்கள் சாவுக்குள் போகிறார்கள் என்று நினைத்து அழுதார்கள். நாம் பின்னோக்கி நட்டதால்தான் வழி தலைகீழாகிவிட்டது என்று நாகம்மாள் நெற்றியில் அறைந்துகொண்டாள். அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள். வட்டத்துப் பக்கத் தடங்கள் பழசாகிச் சேறு மூடிக்கொண்டிருந்தன. கரைப்பக்கத் தடங்கள் புத்தம் புதுசு. "வராங்கடி! பின்னாலயே நடந்து வராங்கடி!" என்று கத்தினாள். வாஸ்தவம். நட்டவர்கள் வந்த மாதிரியே பட்டாளமும் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது. அதோடு, ஒவ்வொரு பூட்ஸ் தடத்துக்கும் எதிரே, விரலுக்கு விரல் பார்த்தபடி, வெறுங்கால் தடங்கள் நேராக நடந்து வந்தன. குழந்தையின் இரு கையையும் பிடித்து நடை பழக்குகிறவர் போடும் தடம் அப்படித்தான் இருக்கும். ஏசிய கட்சிக்காரர்கள் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இருபது நாள் கழித்து வைத்தியலிங்கத்தின் கடிதம் வந்தது. காதர் மைதீன் அதைக் கரையில் நின்று உரக்கப் படித்தார். "எங்க எல்லாருக்கும் காலு தன்னால பின்பக்கமா போச்சு, வழியில ஒரு கண்ணிவெடியும் வெடிக்கலை. எங்களுக்குள்ள மாட்டியிருந்த ஊர்ச்சனம் எங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே வந்துச்சு. நாங்க அவங்க மூஞ்சியைப் பாத்தோம். சுத்தி நின்ன பையன்களும் பாத்தாங்க. ஒருத்தரும் சுடலை. அப்படிப் பாத்தப்புறம் சுட முடியலை நாகு."

பட்டாளம் 1990 பங்குனியில் திரும்பியது. கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது; மேளமும் இல்லை, மாலையும் இல்லை. வைத்தியலிங்கம் கும்பகோணம் பஸ்ஸிலிருந்து முதுகுப்பக்கமாக இறங்கி, முதுகுப்பக்கமாகவே கடைத்தெருவில் நடந்தான். அந்த நூற்றெட்டு பேருக்கும் அதற்குப் பிறகு முன்னோக்கி நடக்க வரவில்லை. தஞ்சாவூர் டாக்டர் எலும்பில் கோளாறு இல்லை என்று எழுதிக்கொடுத்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. துரைராசுவும் காதர் மைதீனும் ஒரே பஸ்ஸில் வாய்தாவுக்குப் போய்வருகிறார்கள், பட்டத்தில் மட்டும் இருவருமே ஏர் வைப்பதில்லை.

நாகம்மாள் கல்யாணமான நாளாகச் சந்தைக்கும் கோவிலுக்கும் புருஷனுக்குப் பத்தடி பின்னால் நடந்தவள். பதினோரு வருடத்தில் அவள் நன்றாக அறிந்தது அவன் முதுகைத்தான். இப்போதும் அவள் பின்னால்தான் நடக்கிறாள். ஆனால் அவன் முகம் அவளைப் பார்த்திருக்கிறது. வழியை அவள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். "பள்ளம் இருக்குங்க, சோத்தாங்கைப் பக்கம் வாங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் கண்ணைப் பார்த்தபடி அவள் நடப்பதும், எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் இறங்கி வழிவிடுவதும் வலங்கைமானில் சாதாரணமாகிவிட்டது.