அறுபது விநாடி

புது மல்டிமீட்டரை நவநீதன் பெட்டியிலிருந்து எடுத்த விதத்தைப் பார்த்ததுமே, சௌந்தரத்துக்கு அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. கூடவே வந்த புத்தகத்தை உறைகூடப் பிரிக்காமல் அலமாரி மேல் எறிந்தான். திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தான். கீறல் விழுந்துவிடுமாம்.

"செவன் டிஜிட் மேடம். ஆம்பூர் சைடுல யார்கிட்டயும் இல்ல" என்றான்.

அது எதற்கு ஏழு இலக்கம் காட்டுகிறது என்று கேட்டால் முழிப்பான் என்பது அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரமாக இருந்தது அந்தக் கம்பெனி. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் போடும் ஷூக்கள் அங்கே தயாராயின. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் அந்த ஷூவின் அடிப்பாகம் வழியாக மெல்லத் தரையில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால், போட்டிருப்பவர் தொடுகிற சர்க்யூட் பாழாகும். அதனால் ஷூவின் மின்தடை நூறு மெகா ஓமைத் தாண்டக்கூடாது என்பது வாங்குபவர்களின் நிபந்தனை. அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையைச் சௌந்தரம் பன்னிரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். டிப்ளமா படித்தவள், ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். நவநீதன் சென்னையிலிருந்து குவாலிட்டி மேனேஜராக வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

மீட்டர் வந்த முதல் நாளே அதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று பத்து மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்தான். அதன் இரண்டு காலையும் மீட்டர் வயர்களின் இரண்டு புரோப் முனையோடு சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மீட்டர் ஒன்றரை மெகா ஓம் என்றது. இன்னும் இறுக்கிப் பிடித்தான். இன்னும் குறைந்தது.

"டூப்ளிகேட் ரெசிஸ்டர்" என்று குப்பையில் போட்டான்.

ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போன மின்சாரம் ரெசிஸ்டரைவிட அவன் உடம்பு வழியாகத்தான் அதிகம் போயிருந்தது. அவன் அளந்தது தன்னையே. லேபில் உதவிக்கு இருந்த மஹ்பூபிக்கே அது புரிந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். சௌந்தரம் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் போன பிறகு குப்பையிலிருந்து ரெசிஸ்டரை எடுத்து டப்பாவில் போட்டாள்.

எறியப்பட்ட புத்தகத்தையும் அவள்தான் வீட்டுக்கு எடுத்துப் போனாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இரண்டு வாரம் படித்தாள். கம்ப்யூட்டரிலிருந்து மீட்டருக்கு எப்படிக் கட்டளை அனுப்புவது என்று கற்றுக்கொண்டு, ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். மஹ்பூபி ஷூவுக்குள் இரும்புக் குண்டுகளைக் கொட்டிச் செப்புத் தகட்டின்மேல் வைப்பாள். குண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நூறு வோல்ட் கொடுத்தால், ஷூ வழியாக நூலிழைபோல் ஒரு மின்னோட்டம் ஓடும். புரோகிராம் அறுபது விநாடி காத்திருக்கும். பிறகு அந்த மின்னோட்டத்தைப் பத்து முறை அளந்து, சராசரி எடுத்து, மின்தடையைக் கணக்குப் போட்டுச் சொல்லும். ஒவ்வொரு அளவையும் மின்சாரத்தின் பத்து முழு அலை ஓடி முடியும்வரை பொறுத்து எடுக்கும்படி வைத்திருந்தாள். அப்போதுதான் லைட், ஃபேன், பக்கத்து மெஷின் கிளப்பும் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு போகும்.

நவநீதன் ஜெனரல் மேனேஜர் துரைசாமியைக் கூட்டிவந்து அதைக் காட்டினான். "ஃபுல்லா ஆட்டோமேட் பண்ணிட்டேன் சார்" என்றான். பண்ணிட்டேனாம். சௌந்தரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படிப்பட்டவனோடு வாய் கொடுப்பதே கேவலம் என்று பட்டது அவளுக்கு.

பிப்ரவரியில் ஒரு பெரிய ஆர்டர் தாமதமாகிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் நவநீதன் வந்து பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்ப்பான்.

"ஒரு ஷூவுக்கு எதுக்கு மேடம் ஒரு நிமிஷம்? மீட்டர் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள அளக்குது. நாமதான் சும்மா உக்காந்திருக்கோம்."

"அப்படித்தான் சார் வெக்கணும்" என்றாள் அவள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் அவனே புரோகிராமைத் திறந்து, அறுபது என்றிருந்ததை ஒன்று ஆக்கினான். பத்து அலைக்குப் பதில் ஒரு அலையில் ஐம்பதில் ஒரு பங்கு என்று மாற்றினான். சோதனை பறந்தது. துரைசாமி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

என்ன நடக்கும் என்று சௌந்தரத்துக்கு அப்போதே தெரியும். நூறு வோல்ட் கொடுத்ததும் ஷூவின் அடிப்பாகம் முதலில் மின்சாரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். அந்த நேரத்தில் மின்னோட்டம் ஜாஸ்தியாக இருக்கும். மின்தடை கம்மி மாதிரி தெரியும். போகப் போகத்தான் உண்மை வெளியே வரும். ஒரு விநாடியில் அளந்தால் மோசமான ஷூவும் நல்ல ஷூ ஆகிவிடும். இது அவன் மேசைக்கு மேலிருக்கும் அலமாரியிலேயே, இப்போது அவள் திருப்பி வைத்திருந்த புத்தகத்திலேயே, காத்திருப்பு நேரம் என்ற பக்கத்தில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் படிக்கட்டும்.

மதியம் மஹ்பூபி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நேத்து ஃபெயிலான ஜோடி இன்னிக்கு பாஸ் ஆவுதே. இன்னாக்கா இது?"

"மீட்டருக்குப் புத்தி வந்துடுச்சு" என்றாள் சௌந்தரம். "பச்சை ஸ்டிக்கர ஒட்டு."

மஹ்பூபி ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு ஒட்டினாள்.

அன்றிலிருந்து சௌந்தரம் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டாள். நவநீதன் சாப்பிடப் போகும் நேரத்தில், நாளுக்கு நாலு ஷூவை எடுத்துப் பழைய முறையில் ஒரு நிமிடம் வைத்து அளப்பாள். ஒரு விநாடியில் எழுபது மெகா ஓம். ஒரு நிமிடத்தில் நூற்று முப்பத்தெட்டு. ஒரு விநாடியில் எண்பத்தொன்று. ஒரு நிமிடத்தில் நூற்று ஐம்பத்திரண்டு. தேதி போட்டு, ஷூ நம்பர் போட்டு, கீழே கோடு இழுத்து அழகாக எழுதினாள். அந்த நோட்டை மூடும்போது ஒரு ருசி இருந்தது. மாட்டட்டும், நன்றாக மாட்டட்டும். பிறகு சாயங்காலம் புரோகிராம் கக்கிய அறிக்கையில் தன் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

ஏப்ரலில் வந்தது கடிதம். வாங்கியவர்கள் தங்கள் லேபில் சோதித்து, மூன்றில் ஒரு ஜோடி நிபந்தனைக்கு வெளியே இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அனுப்பிய சரக்கு முழுவதும் திரும்பி வந்தது.

துரைசாமி நேராக லேபுக்கே வந்தார். நவநீதன் ஈரப்பதம், கண்டெய்னர், அவர்கள் மீட்டர் சரியில்லை என்று ஏதேதோ சொன்னான். சௌந்தரம் அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரு ஷூவைத் தகட்டில் வைத்து, ஒரு விநாடி என்று வைத்து ஓட்டினாள். எழுபத்து நாலு. மின்சாரத்தை நிறுத்தி, ஷூவை ஓய விட்டு, அறுபது என்று மாற்றி மறுபடி ஓட்டினாள். திரையில் விநாடி ஒவ்வொன்றாக ஓடி முடிந்தது. நூற்று நாற்பத்தொன்று.

"யார் மாத்துனது?" என்றார் துரைசாமி.

நவநீதன் தரையைப் பார்த்தான். "நான்தான் சார். இப்படி ஆகும்னு தெரியாது."

சௌந்தரம் நோட்டை எடுத்து அவர்முன் வைத்தாள். அந்த நிமிடத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தாள். துரைசாமி பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது.

"இது பிப்ரவரி ஒம்பதாம் தேதி."

"ஆமா சார்."

"அன்னிக்கு ரிப்போர்ட்ல கையெழுத்து?"

"என்னுதுதான்."

"அவனுக்குத் தெரியல, பண்ணான். உனக்குத் தெரியும். நீ ஏம்மா சொல்லல?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் கேட்கிற ஆளா இவன், நீங்கள் தோளைத் தட்டியபோது நான் சொன்னால் எடுபட்டிருக்குமா. ஆனால் நவநீதனிடம் ஒரு தடவைகூட விளக்கிச் சொல்லிப் பார்க்கவில்லை என்பது அவர் கேட்டபோதுதான் அவள் மனதில் ஏறியது. "அப்படித்தான் வெக்கணும்" என்று சொன்னதோடு சரி. இந்த ஆளுக்கும் மீட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, கேள்வி மட்டும் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு இம்முறை அவளுக்கு உதவவில்லை.

மெமோ அவளுக்குத்தான் வந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமையும் போனது. நவநீதன் சரிசெய்யும் நடவடிக்கை என்று வண்ண வண்ணமாக ஒரு அறிக்கை தயாரித்து வாங்குபவர்களுக்கு அனுப்பினான். அவர்கள் அதைப் பாராட்டி எழுதினார்களாம். அதில் அவள் நோட்டிலிருந்து எடுத்த எண்கள்தான் இருந்தன. சீ என்று இருந்தது அவளுக்கு.

திரும்பி வந்த சரக்கை முழுக்க மறுபடி அளக்க வேண்டியிருந்தது. மூன்று ஷிப்டும் லேப் ஓடியது. பகல் ஷிப்டில் சௌந்தரம் மீட்டர் முன்னால், மஹ்பூபி தகட்டுக்குப் பக்கத்தில். குண்டு கொட்டுவது, ஒரு நிமிடம், எண், அடுத்தது. நாலாம் நாள் அந்த ஒரு நிமிடத்தில் மஹ்பூபி பேசினாள்.

"அவருக்கு சொல்ல வேணாம்னு இருந்தீங்க, சரி. நான் கேட்டேனே. என்கிட்ட ஏன் கிண்டலா சொன்னீங்க?"

"உனக்கு எதுக்குப் பேஜார்னுதான்."

"ஸ்டிக்கர் ஒட்டுனது என் கைதானே. அத்தன ஜோடிக்கும் நான்தானே ஒட்டுனேன்."

மஹ்பூபியின் குரலில் கோபம் இல்லை. சௌந்தரம் திரையைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று விநாடி ஓடிக்கொண்டிருந்தது. நவநீதனை மட்டம் தட்டவென்று வைத்திருந்த சொற்களெல்லாம் இங்கே பயன்படவில்லை.

எண் வந்தது. நூற்றுப் பதினெட்டு. மஹ்பூபி பச்சை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, சிவப்பை ஒட்டி, குண்டுகளை வாளியில் கொட்டினாள். டீ மணி அடித்தது.

"வா, போயிட்டு வரலாம்" என்றாள் சௌந்தரம்.

"நீங்க போங்க. நான் இந்த டப்பாவ முடிச்சுட்டு வர்றேன்."

சௌந்தரம் தனியாக இறங்கிப் போனாள்.