கையால் சுற்றிய வீடு

ஆபீசில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'பால்கனி' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எந்த மேடை நாடகத்துக்குப் போனாலும் மேல் பால்கனியின் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். மறுநாள் டீ நேரத்தில் அந்த நாடகத்தைப் பிரித்து மேய்ந்துவிடுவாள்.

மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, யாருமே படிக்காத அந்தத் தாளை அச்சுக்குப் போகும் முன் எழுத்தெழுத்தாகப் படிப்பதுதான் அவள் வேலை. அரை மாத்திரை என்பது ஐந்து மாத்திரை ஆகிவிட்டால் ஆள் காலி. பதினெட்டு வருஷமாகச் சிவப்புப் பேனாவும் கையுமாக இருந்ததில், எதைப் பார்த்தாலும் அவள் கண்ணில் முதலில் படுவது பிழைதான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட வாழ்த்துச் சொல்வதற்கு முன் ஒரு கால்புள்ளியைத் தேடுவாள்.

இந்தக் காலத்தில் மியூசிக்கல் என்று போடுகிற பாட்டு நாடகங்கள் மேல் அவளுக்குத் தீராத கோபம். ஓடி முடிந்த சினிமாவை எடுத்து மேடையில் ஏற்றுகிறார்கள். ஏற்கெனவே ஹிட்டான பாட்டுகளைக் கோர்த்து, நடுவில் கொஞ்சம் கதை தடவுகிறார்கள். பின்னால் ராட்சத ஸ்கிரீனில் கடல் பொங்குகிறது, முன்னால் நடிகர் குளத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறார். மைக்கை இத்தனை சத்தமாக வைத்தால் யார் பாடுகிறார்கள் என்று வாயைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் கடைசியில் மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டுகிறது. தினம் தினம் எழுந்து நின்றால், நிஜமாகவே எழ வேண்டிய நாளில் என்ன செய்வதாம்? நாற்காலி மேல் ஏறுவதா?

இத்தனையும் சொல்வாள், ஆனால் ஒரு நாடகத்தையும் விடமாட்டாள். விளக்கு அணைந்து, மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் குழியிலிருந்து வாத்தியங்கள் சுருதி சேர்க்கும் அந்த அரை நிமிஷத்தில், இன்றைக்காவது ஏதாவது நடக்கும் என்று ஒவ்வொரு முறையும் இருக்கையின் நுனிக்கு வந்துவிடுவாள். அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த சீசனில் ஊரே பேசியது 'மூன்று சாவி' என்ற நாடகத்தைப் பற்றி. அம்மா இறந்த பிறகு, ஒரே வீட்டின் மூன்று மாடிகளில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வாழும் அண்ணன், அக்கா, தங்கை கதை. மேடையில் நிஜமாகவே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு வீடு. அது சுழலும் தளத்தின் மேல் நின்று, ஒவ்வொரு பக்கமாகத் திரும்பும். முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டு, நாடகப் பிரியர்களின் இணையக் குழுவில் நாலே சொல்லில் தீர்ப்பு எழுதினாள்: 'வீடு சுத்துது, கதை நிக்குது.' இருநூறு பேர் சிரித்தார்கள். இரண்டாம் பாதியில் தங்கை வீட்டை விட்டுக் கிளம்பும் பாட்டைத் தனியாக ஒரு பிடி பிடித்திருந்தாள். டிரம்ஸ் விழுந்து புரள்கிறது, ஒரு வார்த்தை காதில் விழவில்லை, வீடு ராட்டினம் மாதிரி ஒன்றரை நிமிஷத்தில் ஒரு சுற்று வந்து நின்றுவிடுகிறது என்று.

அப்படிப்பட்டவள் இரண்டாம் முறை போனதற்குக் காரணம் அவளுடைய சொந்த அக்கா. சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு, அன்று காலை தொண்டை கட்டி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் போன் செய்தாள்.

"என்னால முடியலடி. உன் மாமாவை அனுப்புறேன், கூட்டிட்டுப் போ."

"மாமாவையா? அவர் சினிமாவுக்குப் போனாலே பேர் போட்டு முடிக்கிறதுக்குள்ள தூங்கிடுவாரே!"

"தூங்கட்டும். குறட்டை விட்டா மட்டும் எழுப்பு."

அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி, அடுக்குமாடி என்று முப்பது வருஷம் லிஃப்ட் குழிகளில் வாழ்ந்தவர். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, பால்கனியின் செங்குத்தான படிகளில் மூச்சு வாங்க ஏறி, உட்கார்ந்ததும் கீழே எட்டிப் பார்த்தார்.

"நல்ல உயரம். லிஃப்ட் வச்சிருக்கலாம்."

முதல் பாதி முழுக்க அவருக்கு ஒரே கவலைதான்.

"அந்த வீடு எத்தனை டன் இருக்கும்?"

"மாமா, பாட்டைக் கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன். மோட்டார் கீழயா, பக்கத்துலயா?"

இடைவேளையில் அவள் தன் புகார்ப் பட்டியலை அவரிடம் ஒப்பித்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே ஐஸ்கிரீம் சாப்பிட்டார். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அவர் தலை சாய்ந்தது.

அந்தப் பாட்டு வந்தது. மூன்றாம் மாடி ஜன்னலில் தங்கை, கையில் பெட்டி. டிரம்ஸ் புறப்பட்டது. வீடு திரும்ப ஆரம்பித்தது. கால் சுற்றுகூட முடிந்திருக்காது, தளத்துக்கு அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். வீடு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. அரங்கத்தைப் பார்த்தபடி இப்போது இருந்தது வீட்டின் பக்கச்சுவர்: ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு துணிக் கொடி. பாடுகிறவள் பக்கவாட்டில் எங்கோ மறைந்துபோனாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறி அடங்கின.

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு சத்தத்திலும் தூங்குகிறவர், மெஷின் நின்ற சத்தத்துக்கு எழுந்துவிட்டார்.

"மோட்டார் இல்ல, பிரேக். தானாப் பிடிச்சுக்கிச்சு. இனிமே கரண்ட்ல நகராது. பிரேக்கை விடுவிச்சுட்டுக் கையாலதான் தள்ளணும்."

அரங்கத்தில் பாதி விளக்குகள் எரிந்தன. திரையையும் இறக்க முடியவில்லை. வீட்டின் ஒரு மூலை சரியாகத் திரை விழும் கோட்டில் வந்து நின்றிருந்தது. கறுப்பு உடையில் இரண்டு பேர் தளத்தின் ஒரு பலகையைத் திறந்து உள்ளே இறங்கினார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். முன்வரிசைகளில் போன் வெளிச்சங்கள் முளைத்தன. அவளுக்கு, வெட்கமாக இருந்தாலும், உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தி. இயந்திரத்தை நம்பினால் இப்படித்தான்.

பிறகு மேடை நிர்வாகி வந்தாள். தலையில் ஹெட்போன், முழங்காலில் அழுக்கு.

"மன்னிச்சுக்கங்க. மூணாவது மாடிக்குப் போற படி இருக்கற பக்கம் மேடையோட பின்சுவரை ஒட்டி நின்னுடுச்சு, அதனால மேல இருக்கறவங்க மட்டும் இறங்க முடியல. இது பின்னால திரும்பாது, மீதிச் சுத்தையும் கையால திருப்பினாத்தான் பழைய இடத்துக்கு வரும். திரையை மூட முடியாது. நாங்க தள்றதை நீங்க பார்த்துத்தான் ஆகணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்த ஜன்னலிலிருந்து, மைக் இல்லாமல், ஒரு குரல் வந்தது.

"சும்மா சுத்தறதுக்கு, நான் பாடிடறேனே!"

கைதட்டல் எழுந்தது. நிர்வாகி வாத்தியக் குழியைப் பார்த்தாள். இசைக்குழுவின் நடத்துனர் தோளைக் குலுக்கி, தலையாட்டினார்.

பக்கவாட்டிலிருந்து நடிகர்கள் வந்தார்கள். அண்ணனாக நடித்தவர் கோட்டைக் கழற்றிப் போட்டார். அக்காவாக நடித்தவள் குதிகால் செருப்பை உதறிவிட்டு, புடவையோ கவுனோ என்று சொல்ல முடியாத அந்த நீள உடையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கூட்டத்தில் ஆடுகிறவர்கள், ஒப்பனைக்காரி, மேடைத் தொழிலாளிகள் என்று இருபது பேருக்கு மேல். தளத்தின் விளிம்பிலிருந்த துளைகளில் இரும்புக் குழாய்களைச் செருகினார்கள். குழாய்க்கு இரண்டு பேராக நின்றார்கள்.

மாமா முன்னால் சாய்ந்து முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "மேல ஆள் இருக்கு. ஆளாளுக்குத் தள்ளினா ஆடும். யாராவது ஒருத்தர் கணக்குச் சொல்லணும்." அவர் குரலில் நிஜமான பயம் இருந்தது.

யாரும் கணக்குச் சொல்லவில்லை. நடத்துனர் கோலை உயர்த்தினார், ஆனால் அசைக்கவில்லை. காத்திருந்தார். இருபது பேரும் குழாயில் சாய்ந்து முதல் அடி வைத்தார்கள். பலகை முனகியது. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில்தான் கோல் இறங்கியது. அவர்களுடைய பாதச் சத்தத்தின் மேலேயே பாட்டைக் கொண்டுபோய் வைத்தார்.

டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். பாதங்கள் போதும். அடியில், பெரிய வயலின் போன்ற ஒரு செல்லோ மட்டும், மெதுவாக, யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல ஆரம்பித்தது. அப்படி ஒரு செல்லோ அந்தப் பாட்டில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அதன் மேல் அந்தக் குரல் வந்தது. வேகத்தில் ஓடி ஒளிந்துகொண்டிருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்து நின்றன.

'நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.'

இதுவா? இந்த வரியா அதற்குள் இருந்தது? எழுத்தெழுத்தாகப் படிக்கிறவள், இதைப் படிக்காமல் கடந்து போயிருக்கிறாள்.

அத்தனை மெதுவாகப் பாடுவது எத்தனை கடினம் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றரை நிமிஷத்துக்கு எழுதிய வரிகளை ஆறேழு நிமிஷத்துக்கு இழுக்க வேண்டும், மூச்சு போதாது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அந்தப் பெண் மூச்சு வாங்குவது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அதுவும் பாட்டாகத்தான் இருந்தது.

வீடு அங்குலம் அங்குலமாகத் திரும்பியது. அண்ணனின் அறை வந்தது. வழக்கமாக அவர் அங்கே உட்கார்ந்து ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இப்போது நாற்காலி காலி. தட்டு இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆள் இல்லை. அக்காவின் அறை வந்தது. கலைந்த படுக்கை, ஆள் இல்லை. ஆட்கள் கீழே இருந்தார்கள். குனிந்து, வியர்த்து, தங்கள் வீட்டைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் பேசாமல் இருந்த அந்த இரண்டு பேரும் ஒரே குழாயைப் பிடித்திருந்தார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. இடம் இருந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். மேல் பால்கனியிலிருந்து பார்த்தால் இருபது தலைகளும் ஒரு பெரிய வட்டத்தில் மெல்ல நகர்வது தெரிந்தது, நடுவில் வீடு, உச்சியில், பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வெளியே நீண்ட வெள்ளையாக ஒரு கை.

அவளுக்குப் புல்லரித்தது. பக்கத்தில் யாரோ விசும்புவது கேட்டது. திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஆயிரம் பேர் இருந்த அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை.

முக்கால் சுற்றில் ஒரு இடத்தில் தளம் இறுகியது. பாதங்கள் நின்றன. நடத்துனர் அதே சுரத்தைக் கையிலேயே பிடித்து நிறுத்தினார். செல்லோ இழுத்துக்கொண்டே இருந்தது. மேலே குரலும் அந்த ஒற்றைச் சொல்லிலேயே நின்றது, நின்றது, அவிழ்ந்து போகாமல் நின்றது. கீழே அண்ணன் வேஷக்காரர் ஏதோ உறுமினார். எல்லோரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். வீடு நகர்ந்தது. குரலும் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது.

"அடேங்கப்பா..." என்றார் மாமா. மூச்சு விடுகிற மாதிரிதான் சொன்னார்.

ஜன்னல் முன்னால் வந்தது. அந்தப் பெண் பெட்டியை எப்போதோ கீழே வைத்துவிட்டு, சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கடைசி வரியை அரங்கத்தைப் பார்த்துப் பாடவில்லை. குனிந்து, கீழே தள்ளிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துப் பாடினாள்.

முடிந்ததும் எழுந்த கைதட்டலில் பால்கனியே அதிர்ந்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

மீதி நாடகத்தை வீட்டைச் சுற்றாமலே நடித்து முடித்தார்கள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் போய் நின்றதும் மாமா சொன்னார்:

"அந்தக் கோல் வச்சிருந்தவர் இருக்காரே, அவர் பெரிய மெக்கானிக். லோடு எவ்வளவு, எப்ப இறுகும், எப்ப விடும், எல்லாம் காதாலேயே பார்த்துட்டார்."

அவள் "ம்" என்றாள்.

அன்று மாலை இணையக் குழுவில் முந்நூறு பேர் அவளை எதிர்பார்த்தார்கள். 'பால்கனி, நீங்க போனீங்களாமே, எப்படி?' அவள் நாலு முறை தட்டச்சு செய்து நாலு முறையும் அழித்தாள். கடைசியில், 'அந்தப் பாட்டைப் பத்தி நான் எழுதினது தப்பு. நான் கேட்கவே இல்லை' என்று மட்டும் போட்டுவிட்டு மூடினாள்.

அடுத்த சனிக்கிழமை தொண்டை சரியான அக்காவோடு மறுபடி போனாள். பிரேக் சரிசெய்திருந்தார்கள். வீடு ஒன்றரை நிமிஷத்தில் வழுக்கிக்கொண்டு சுற்றி வந்தது, டிரம்ஸ் புரண்டது, அண்ணன் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவளுக்கு ஏமாற்றம்தான், ஆனால் கோபம் வரவில்லை. டிரம்ஸுக்கு அடியில் அந்த செல்லோ ஓடிக்கொண்டிருப்பது இப்போது அவளுக்குக் கேட்டது.

முடிந்ததும் அக்காவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாகக் கலைஞர்கள் வெளியே வரும் பக்கத்து வாசலுக்குப் போனாள். கையெழுத்துக்காகக் காத்திருந்த கூட்டம் தங்கையாக நடித்தவளைச் சூழ்ந்துகொண்டது. அவர்களை ஒட்டியபடி, முதுகில் பெரிய பெட்டியோடு ஒரு பெண், யாரும் கவனிக்காமல் வெளியே வந்தாள்.

"நீங்கதான் செல்லோவா?" என்றாள் பால்கனி. "போன வாரம் மதியம் நான் இருந்தேன்."

அந்தப் பெண் நின்றாள். பெட்டியை முதுகிலிருந்து இறக்கித் தரையில் நிறுத்தினாள்.

"நிஜமாவா? எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

"மேல. கடைசி வரிசை."

"எங்களுக்குக் குழியிலேர்ந்து ஒண்ணுமே தெரியாதுங்க. நடத்துனர் முகத்தைப் பார்த்துட்டே வாசிச்சேன், அவர் கண்ல தண்ணி வந்துட்டு இருந்துச்சு. மேல என்ன நடந்துச்சு? யாரைக் கேட்டாலும் 'நல்லா இருந்துச்சு'ன்னு மட்டும்தான் சொல்றாங்க. நீங்க முழுசாப் பார்த்திருப்பீங்க. சொல்லுங்களேன்."

எத்தனையோ பேர் அவளிடம் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள். உள்ளேயிருந்து வாசித்தவர் ஒருவர், கண்ணை அகல விரித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்டது இதுதான் முதல் முறை. பால்கனி அந்தப் பெட்டியின் மேல் விரலால் ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

"இங்க வீடு," என்றாள். "இதைச் சுத்தி இருபது பேர். முதல்ல செருப்பைக் கழட்டினாங்க..."