ஐந்துக்கு ஐந்து

சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டருக்கு வாய் ஓயாது. நடந்துகொண்டே பேசுவார், சட்டை மாட்டிக்கொண்டே பேசுவார், முதுகைக் காட்டிக்கொண்டும் பேசுவார். யார் கேட்கிறார்கள் என்ற கவலையே கிடையாது. அங்கேயே தைத்த சட்டைகளைச் செக்கிங் பார்க்கும் அவர் மனைவி, பன்னிரண்டு வருஷம் அந்தப் பேச்சுக்கு 'உம்' கொட்டியே காலம் தள்ளினாள்.

பிறகு ஒரு விஷக்காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோயிற்று.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதற்கப்புறம்தான் அவளுக்குப் புருஷன் என்று ஒருத்தர் கிடைத்தார். மாஸ்டர் தினமும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். உதட்டசைவை அவள் படிக்கத் தோதாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். புரியாததைக் கறுப்புத் துணித் துண்டில் சாக்கட்டியால் எழுதினார். எழுத வேண்டியிருந்ததால் வெட்டிப்பேச்சு தானாகவே உதிர்ந்துபோனது. சூப்பர்வைசரைப் பற்றி அவர் எழுதிய நையாண்டியைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். ஆறு வருஷம் அப்படிப் போனது. அவள் வாழ்ந்தது அந்த ஆறு வருஷம்தான்.

ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் மாஸ்டர்தான். மண்டைக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். வெளியே காதில் மாட்டும் கருவி ஒன்று, காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொண்டது. முதலில் எல்லார் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரியில் காதுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் எதிரே உட்கார்ந்து சலிக்காமல் சொல்லிக் கொடுத்ததில், அமைதியான அறையில் பத்துச் சொல்லுக்கு எட்டு பிடிபட்டது. தொழிற்சாலையில், நாற்பது மெஷினுக்கு நடுவே, ஒன்றுகூடப் பிடிபடவில்லை. வீட்டிலும் ஆள் முகம் தெரியாவிட்டால் சத்தம் வரும், சொல் வராது.

மாஸ்டருக்குச் சத்தமே போதுமானதாக இருந்தது. ஒருநாள் பின்னாலிருந்து கூப்பிட்டார், அவள் திரும்பினாள். அன்றோடு நாற்காலி சுவரோரம் போயிற்று. பேச்சு பழையபடி அடுத்த அறைக்குப் போயிற்று.

ஒருமுறை அவள் வாய்விட்டே கேட்டாள். "கொஞ்சம் முன்னாடி வந்து, மூஞ்சியப் பாத்துப் பேசுங்களேன்."

"அதான் கேக்குதே உனக்கு," என்றார் அவர், செருப்பைத் தேடியபடி.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்த வீட்டில் சங்கு ஊதியவள் அவள். கெட்ட மனுஷனாக இருந்தாலாவது ஒரு பாட்டம் திட்டித் தீர்க்கலாம்.

டீச்சர் எடுத்துச் சொன்னால் மாஸ்டர் கேட்பார் என்று நினைத்தாள். தோதாக அந்த வாரம் டீச்சர் ஒரு படிவம் கொடுத்தார். கருவி வைத்தபின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேள்விகள், ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். 'வீட்டாருடன் பேசுவது முன்பைவிட எப்படி இருக்கிறது?' பேனா ஒன்றின் மேல் போய் நின்றது.

பக்கத்தில் மாஸ்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் அன்று பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் வாசலிலேயே நின்ற மனுஷன். அந்த முகம் சுருங்குவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஐந்து போட்டாள். அடுத்ததற்கும் ஐந்து. கடைசிவரை ஐந்தாகவே போட்டாள்.

டீச்சர் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நல்லா வந்துட்டீங்கக்கா. இனிமே வாராவாரம் அலைய வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்." முகத்தைப் பார்த்துச் சொன்னதால் அது முழுசாகப் புரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அவர் எதிரே வந்து பேசித்தானே ஆக வேண்டும் என்று ஓர் ஆசை. மாஸ்டர் வந்தார். எதிரே குனிந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் உதட்டையே பார்த்தாள்.

அவர் மடியிலிருந்த கருவியை எடுத்தார். வலிக்காமல், பக்குவமாக அவள் காதில் மாட்டி, காந்தத்தைத் தலையில் ஒட்டி, கன்னத்தில் தட்டிக்கொடுத்தார். பிறகு எழுந்து பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

ஏதோ கேள்வி கேட்கிறார் என்பது மட்டும் குரலின் இழுப்பில் தெரிந்தது.

"ஆமாங்க," என்றாள்.