பந்திக்கு அழைக்காத வீடு

மேலக்கரை வாசுகி தியேட்டரில் படம் சுமாராக இருந்தால், இடைவேளையில் படத்து ஆட்கள் திரையிலிருந்து இறங்கி வந்து யோசனை கேட்பார்கள். நல்ல படத்து ஆட்கள் இறங்குவதில்லை. அவர்களுக்கு அங்கேயே வேலை இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மேட்னியில் ஒரு திரில்லர். பங்களா வீட்டுப் பையன் ரித்விக் காரை ஏற்றி ஒரு பால்காரனைக் கொன்றுவிடுகிறான். அதை மூடி மறைக்கப் பெற்றவர்கள் படாதபாடு படுகிறார்கள். போஸ்டரைப் பார்த்தால் குலை நடுங்கியது. உள்ளே வந்தால் கொட்டாவிதான். பிணத்தை டிக்கியில் வைத்தவர்கள் டிக்கியைச் சாத்தவில்லை. ரத்தத்தைக் கழுவாமல் அதன்மேல் கோலம் போட்டார்கள். பால் கேன் வாசலிலேயே கிடந்தது. பாத்திரக்கடை சேர்மக்கனிக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்தில் அவர் மனைவி அன்னபாக்கியம் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் படத்து அப்பாவும் அம்மாவும் இறங்கி வந்தார்கள்.

"எங்க பையனை எப்படியாவது காப்பாத்திக் கொடுங்க," என்றார் அப்பா. "இன்ஸ்பெக்டர் வந்துக்கிட்டே இருக்கார்."

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அன்னபாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். மூத்தவன் காலேஜைப் பாதியில் விட்டு ஓடிவந்ததை ஊருக்குத் தெரியாமல் அமுக்கியவள் அவள். அவள் அமுக்கியவற்றில் பாதிதான் சேர்மக்கனிக்கே தெரியும்.

"நீங்க எங்க வீட்டுக்காரங்க பக்கத்துல உக்காருங்க. பையில முறுக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் ஏறிப்போனாள்.

ஏறியதும் டிக்கியையோ பால் கேனையோ அவள் தொடவில்லை. ரத்தம் சிந்திய இடத்தின்மேல் பந்தல் போட்டாள். வாழைமரம் கட்டி, ரேடியோ செட் வைத்து, தெருவையே சாப்பிட அழைத்தாள். பந்தலும் இலையும் இருந்தால் என்ன விசேஷமென்று யாரும் கேட்கமாட்டார்கள். கை நனைத்த பிறகு கேட்பது அதைவிட மரியாதைக்கேடு. இன்ஸ்பெக்டர் விலங்கோடு வந்தார்.

"கை கழுவிட்டு உக்காருங்க சார்," என்றாள்.

அவர் உட்கார்ந்தார். பாயசம் இரண்டாம் தடவை வாங்கினார். வெற்றிலை போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். தியேட்டரில் விசில் பறந்தது. சேர்மக்கனிக்கு மெய் சிலிர்த்தது. இப்பேர்ப்பட்டவளோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசிப் பந்தியில் பால்காரன் வந்து உட்கார்ந்தான். தெருவையே அழைத்தபின், தினமும் அந்தத் தெருவுக்குப் பால் ஊற்றியவன் வராமல் இருப்பானா? சட்டையில் டயர்த் தடம் இருந்தது. ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"ரசம் நல்லாருக்குக்கா," என்றான். "எங்கம்மைக்குத்தான் சொல்லி விடல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. சோத்த ஆக்கி வச்சிக்கிட்டு என்னைய எதிர்பாத்து வாசல்லயே நிக்காவ."

அன்னபாக்கியத்தின் கரண்டி அப்படியே நின்றது. வாழ்நாளில் எதையெதையோ மறைத்தவள்தான்; ஆனால் ஒரு விசேஷத்துக்கு ஒரு வீட்டை விட்டுவிட்டாள் என்ற பேச்சை மட்டும் அவள் வாங்கியதில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்தாள். இன்னொரு கையால் ரித்விக்கைப் பிடித்துக்கொண்டாள்.

சேர்மக்கனியின் பக்கத்தில் இருந்த படத்து அம்மா பதறிப்போய், "அக்கா, என்ன விசேஷம்னு அவங்க கேப்பாங்களே!" என்று கத்தினாள்.

"கேக்கத்தான் செய்வாவ," என்றாள் அன்னபாக்கியம். "அழைக்கப் போனவ வாய மூடிக்கிட்டு நிக்க முடியுமா?"

"பயமா இருக்கு ஆன்ட்டி," என்றான் ரித்விக்.

"எனக்கும்தான்யா. கைய விட்ராத."

இருவரும் வாய்க்கால் பாலத்தில் நடந்தார்கள். பின்னணி இசைகூட இல்லை. திரும்பி வந்துவிடு என்று கூப்பிடத்தான் சேர்மக்கனி நினைத்தார். ஆனால் கைகள் தாமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தன.

பால்காரனின் அம்மா வாசலிலேயே நின்றாள்.

"வாங்க, என்ன விசேஷம்?" என்றாள்.

அன்னபாக்கியம் வாயைத் திறப்பதற்குள், "உங்க மகன் மேல நான்தான் காரை ஏத்திட்டேன்," என்றான் ரித்விக்.

அதோடு படச்சுருள் தீர்ந்து திரை வெள்ளையானது. அதற்குப் பின்னாலிருந்து அழுகை கிளம்பியது. படத்து அம்மா முறுக்குப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு முதல் ஆளாக எழுந்து திரைக்குள் போனாள். மற்றப் பெண்களும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு அவள் பின்னால் ஏறினார்கள். சாவு வீட்டில் ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவது வழக்கம். இங்கே ஆண்கள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பால்காரன் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக வந்தான்.

"இன்னைக்குப் பால் இல்ல அண்ணாச்சி," என்றான். "கடுங்காப்பிதான்."

"இருக்கட்டும்ப்பா," என்று சேர்மக்கனி டம்ளரை வாங்கி, பக்கத்தில் தலைகுனிந்திருந்த படத்து அப்பாவிடம் முதலில் கொடுத்தார்.